துன்ப வேளையில் இறைவனைத் தேடியவர்

துன்பம் வந்துற்ற போதுதான் மனிதன் இறைவனை நினைக்கிறான் என்று பெரியோர் குறைபட்டுக்கொள்வதுண்டு. ஆயினும் அதனைப் பெருங்குற்றமென்று தள்ளிவிடுதல் இயலாது. பசித்த குழந்தை தாயைத் தேடுவது இயல்பு. நோயிலும் வறுமையிலும் பிரிவிலும் நம் உள்ளம் ஆண்டவனை நாடுவதும் அத்தகையதே. நாம் ஆராய வேண்டியது வேறொன்று. அவ்வாறு தேடிச் சென்ற நாம் எதனைக் கேட்கிறோம்? கேட்டபின் எவ்வாறு நடந்துகொள்கிறோம்?

"இக்கஷ்டத்தைத் தீர்த்துவிடு, உனக்கு இன்னது செய்கிறேன்" என்று பேரம் பேசுவது ஒருவகைப் பிரார்த்தனை. துன்பம் தீருமுன்னரே தன் புலன்களை அடக்கி, மனத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டு, அத்துன்பத்தின் நடுவிலும் பிறருக்குப் பயன்படும் வலிமையை வேண்டுவது மற்றொருவகை. இவ்விரண்டாவது வகையைச் சேர்ந்த ஒருவர் நமது மலைநாட்டின் தலைநகராகிய கண்டியிலேயே வாழ்ந்து, அங்கேயே உயிர் நீத்தார் என்பதை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்? அவர்தாம் யோசேவ் வாஸ் அடிகளார். அவர் கத்தோலிக்க குருவானவர். எனினும் அவர் வாழ்வு புகட்டும் பாடம் எல்லாச் சமயத்தவர்க்கும் பொதுவானது.

பிச்சைக்கோலத்தில் வந்த குரு

கோவாவிலுள்ள பெனோலிம் என்னும் கிராமத்தில் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 21ஆம் திகதி அடிகளார் பிறந்தார். கொங்கணி மொழி பேசும் குடும்பம் அது. 1676இல் குருப்பட்டம் பெற்ற அவருடைய காதுக்கு, இலங்கையிலிருந்து ஒரு துயரச் செய்தி எட்டியது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்க குருமாரை நாட்டினின்று அகற்றிவிட்டனர். மக்கள் மறைவாக வழிபட்டு வந்தனர். திருமணத்துக்கும் மரணத்துக்கும் கூட அவர்களுக்கு ஒரு குருவானவர் இல்லை.

அடிகளார் 1686இல் கோவாவை விட்டுப் புறப்பட்டார். கூலியாளைப் போல் உடையணிந்து, காலில் செருப்பின்றி, யோவான் என்ற துணைவருடன் கடல் கடந்து, 1687இல் யாழ்ப்பாணம் சேர்ந்தார். வந்த உடனே வயிற்றுளைச்சல் நோய் அவரை வாட்டி மரணத்தின் வாயில்வரை கொண்டு சென்றது. பிழைத்தெழுந்தபின், கழுத்தில் ஜெபமாலை விளங்க, வீடு வீடாகச் சென்று பிச்சை ஏற்றார். அம்மாலையைக் கண்டு எவர் முகம் மலர்கிறதோ அவரே தாம் தேடிவந்தவர் என்று அறிந்துகொண்டார். தமிழைக் கற்றார். சில்லாலைக் கிராமத்து மக்கள் அவருக்குப் புகலிடம் தந்தனர். ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையானபோது, 1690இல் கண்டி அரசனின் ஆட்சிக்குட்பட்ட புத்தளத்துக்குச் சென்றார். அங்கிருந்து 1692இல் கண்டியை நோக்கி நடந்தார்.

சிறையும் ஓர் ஆச்சிரமம்

அன்றைய கண்டி இன்றைய கண்டியன்று. நாம் மாலை வேளையில் உலாவி மகிழும் வாவி, ஸ்ரீ விக்கிரமராசசிங்கன் 1807இல் அமைத்தது. அடிகளார் கண்ட நகரத்தில் அது இல்லை. சுற்றிலும் மலைகள், அடர்ந்த காடுகள், காவல் மிகுந்த கணவாய்கள். நடுவே அரசனின் மாளிகை. அரியணையில் இருந்தவன் இரண்டாம் விமலதர்மசூரியன். புத்த சமயத்தில் ஆழ்ந்த பற்றுடைய அம்மன்னன், புனித தந்தத்துக்கு மூன்று மாடங்கள் கொண்ட மாளிகை எடுத்தவன்.

அரசவையில் செல்வாக்குடன் விளங்கிய பிரெஞ்சுக்காரர் ஒருவர், "வந்திருப்பவர் போர்த்துக்கேயரின் ஒற்றர்" என்று அரசனிடம் குற்றஞ் சாட்டினார். அடிகளாரும் யோவானும் சிறையில் அடைக்கப்பட்டனர். எத்தனை ஆண்டு முயன்று, எத்தனை காதம் நடந்து வந்த பயணம்! சேரவேண்டிய இடம் சேர்ந்தவுடன் கதவு அடைபட்டது. நம்மில் ஒருவர் அந்நிலையில் இருந்தால் என்ன செய்திருப்போம்? விதியை நொந்திருப்போம், காட்டிக் கொடுத்தவரைச் சபித்திருப்போம், "இறைவா, உனக்காகத்தானே வந்தேன்" என்று வழக்காடியிருப்போம்.

அடிகளார் சிறையில் சிங்களம் கற்கத் தொடங்கினார். வேளை தவறாது ஜெபம் செய்தார். காவல் சிறிது தளர்ந்தபோது, சிறை எல்லைக்குள்ளேயே சிறு குடிசையொன்றை அமைத்து அதனை வழிபாட்டிடமாக்கினார். கண்டியில் வாழ்ந்த கத்தோலிக்கர் மெல்ல மெல்ல அவரை நாடி வந்தனர். தம் வசத்தில் இல்லாத கதவை முட்டி வீணே களைக்காமல், தம் வசத்தில் இருந்த நேரத்தையும் நாவையும் மனத்தையும் அவர் ஆண்டார். புலனடக்கம் என்று நம் முன்னோர் சொன்னது இதனையே அன்றோ?

1693இல் நாட்டில் கடும் வரட்சி தோன்றியது. மழைக்காகப் பிரார்த்திக்கும்படி அரசன் அடிகளாரையும் கேட்டுக்கொண்டான். வெளியிடத்தில் பீடம் அமைத்து, சிலுவையை நிறுத்தி, அவர் முழந்தாளிட்டு மன்றாடினார். மழை பொழிந்தது என்றும், பெய்த மழை பீடத்தை நனைக்கவில்லை என்றும் கத்தோலிக்க மரபு கூறும். அதனை அவரவர் நம்பிக்கைக்கு விட்டுவிடுவோம். அதன்பின் அரசன் அவருக்குத் தடையின்றிச் சமயப் பணியாற்ற உரிமை தந்தான் என்பது சரித்திரம். தம்மைச் சிறையிலிட்ட நாட்டின் வயல்களுக்காக ஒருவர் உளமார மன்றாடினார் என்பதே நாம் மனத்திற் கொள்ளத் தக்கது.

அம்மை கண்ட நகரம்

உண்மையான சோதனை 1697இல் வந்தது. கண்டியில் பெரியம்மை பரவியது. அந்நாளில் அதற்கு மருந்தும் இல்லை, தடுப்பும் இல்லை. ஜென்னர் என்னும் ஆங்கில மருத்துவர் அம்மைப்பால் குத்தும் முறையைச் செய்துகாட்டியது 1796இல். அதாவது இதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து. உலகினின்று அந்நோய் ஒழிந்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 1980இல். ஆகவே அன்று அம்மை என்ற சொல்லே மக்களின் குலையை நடுங்கச் செய்தது. அரசனும் பிரபுக்களும் நகரை விட்டு அகன்றனர். நோயுற்றோரைச் சொந்த உறவினரே காட்டில் கொண்டுபோய் விட்டனர். பெற்றவர் பிள்ளையை அஞ்சினர். பிள்ளை பெற்றவரை அஞ்சியது.

அவர்களை நாம் எளிதிற் பழித்துவிடக் கூடாது. அச்சம் அத்தகையது. 2020இல் கொரோனா நோய் பரவியபோது நாமும் அதனைச் சிறிது கண்டோம் அல்லவா? இருமல் கேட்ட மாத்திரத்தில் அயல்வீட்டின் கதவு மூடப்பட்டதைப் பார்த்தோம்.

அடிகளார் நகரை விட்டு நீங்கவில்லை. தம் உறவினரும் குருவுமான யோசேவ் கர்வாலியோ அடிகளாருடன் நோயாளரைத் தேடிச் சென்றார். காட்டில் கிடந்தோருக்குக் குடிசை அமைத்தார். வெறுமையாய்க் கிடந்த வீடுகளில் நோயாளரைச் சேர்த்தார். புண்களைக் கழுவினார், கஞ்சியும் நீரும் ஊட்டினார், இறந்தோரைத் தம் கையாலேயே அடக்கம் செய்தார். இவர் நம் சமயத்தவர், இவர் பிற சமயத்தவர் என்று வேறுபாடு பார்க்கவில்லை. அடிகளார் இல்லாதிருந்தால் நகரத்தின் வீதிகள் பிணங்களால் நிறைந்திருக்கும் என்று அரசனே கூறியதாக அவருடைய சரிதையை எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

இத்துணிவு அவருக்கு எங்கிருந்து வந்தது? 1697ஆம் ஆண்டு ஒரு நாட்காலையில் வானத்திலிருந்து இறங்கி வந்ததன்று. பிச்சை ஏற்று உண்ட காலத்தில் நாவின் சுவையை வென்றிருந்தார். வெறுங்காலுடன் நடந்த காலத்தில் உடலின் சுகத்தை வென்றிருந்தார். சிறையில் இருந்த காலத்தில் சினத்தை வென்றிருந்தார். ஆதலால் கொள்ளைநோய் வந்தபோது உயிரச்சத்தையும் வெல்ல முடிந்தது. ஒருநாளும் தோணி வலித்தறியாதவன் புயலில் துடுப்பைப் பிடித்து என்ன பயன்?

எல்லாச் சமயமும் சொல்வது

ஜெபத்துடன் அடக்கமும் சேரவேண்டும் என்பதைக் கண்டி நகரைச் சுற்றி வந்தாலே காணலாம். பௌர்ணமி தினத்தில் வெள்ளாடை உடுத்துத் தலதா மாளிகைக்குச் செல்லும் பௌத்தர், நண்பகலுக்குப்பின் உணவு கொள்ளாது சீலம் காக்கின்றனர். கட்டுக்கலைச் செல்வ விநாயகர் ஆலயத்தில் கைகூப்பும் சைவ அன்பர், கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம் இருக்கின்றனர். மீரா மக்காம் பள்ளிவாசலில் தொழும் முஸ்லிம் சகோதரர், ரமழான் மாதத்தில் பகல் முழுவதும் நீரும் அருந்தாது நோன்பு நோற்கின்றனர். கிறித்தவர் தபசு காலத்தில் நாற்பது நாள் ஒறுத்தல் செய்கின்றனர். வழிபாட்டு முறைகள் வேறு. ஆயினும் வாய் இறைவனைப் புகழும்போது வயிறும் நாவும் சிறிது அடங்கியிருக்க வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

நம் இல்லங்களிலேயே இதற்கு மற்றொரு சான்று உண்டு. அம்மை கண்ட வீட்டில் வாசலில் வேப்பிலை செருகுவர். அயலார் உள்ளே வாரார். வீட்டார் விருந்துக்கும் விழாவுக்கும் செல்லார். எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றார். உரத்துப் பேசுதலும் கூடாது. தோட்டங்களில் மாரியம்மனையும், கண்டியில் பத்தினித் தேவாலயத்துத் தெய்வத்தையும் வேண்டி நின்ற நம் மக்கள், வேண்டுதலோடு இக்கட்டுப்பாடுகளையும் சேர்த்தே கைக்கொண்டனர். அயலாருக்கு நோய் பரவாமல் தடுக்க இக்கட்டுப்பாடும் உதவும் என்பதை இன்றைய மருத்துவ அறிவு கொண்டு உணர்கிறோம். பிரார்த்தனை தெய்வத்தை நோக்கிச் சென்றது. அடக்கம் அயலானைக் காத்தது.

நாம் செய்யக்கூடியவை

குடும்பத் தலைவர் ஒருவர் தொழிலை இழந்துவிடுகிறார் என்று கொள்வோம். அவர் கோயிலுக்குச் சென்று கண்ணீர் வடிக்கிறார். வீடு திரும்பியதும் மனைவி மக்கள்மீது எரிந்து விழுகிறார். சில வேளை மதுவை நாடுகிறார். கோயிலில் செலவிட்ட அரைமணி நேரத்தின் பயன் எங்கே போயிற்று? அவர் அன்று மாலை ஒரு கடுஞ்சொல்லை அடக்கியிருந்தால், அதுவே அவருடைய குடும்பத்துக்கு முதலாவது வரமாக இருந்திருக்கும்.

தாய் நோயுற்றுப் படுக்கையில் இருக்கிறாள். பிள்ளைகள் நேர்த்தி வைக்கின்றனர். நல்லது. ஆனால் இரவில் விழித்திருந்து அவளுக்கு வெந்நீர் கொடுப்பது யார்? முறைவைத்துக்கொண்டு உறக்கத்தைத் துறப்பதும் ஒரு நோன்பே.

மாணவர்களே, பரீட்சை நெருங்கும்போது ஆலயங்களில் உங்கள் கூட்டம் பெருகுவதைக் காண்கிறோம். பேனையை வைத்து வணங்குங்கள், தவறில்லை. அதனுடன், நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுவது, படிக்கும் வேளையில் கைத்தொலைபேசியை அப்பால் வைப்பது, தோழன் அதிக புள்ளி பெற்றால் பொறாமை கொள்ளாதிருப்பது என்னும் மூன்று விரதங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிர்பார்த்த பெறுபேறு கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைக்காத நாளில் தலை நிமிர்ந்து நிற்கும் மனவலிமை உங்களுக்கு நிச்சயம் இருக்கும்.

இவ்வளவும் செய்தால் துன்பம் நீங்கிவிடுமா என்று சிலர் வினவலாம். அடிகளாருக்கும் எல்லாத் துன்பமும் நீங்கிவிடவில்லை. அயராத உழைப்பும் நோயும் அவருடைய உடலை உருக்கின. 1711ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 16ஆம் திகதி, அறுபது வயது நிறைவதற்குச் சில மாதங்கள் இருக்கையில், கண்டியிலேயே அவர் காலமானார். வாழ்நாளெல்லாம் செய்யத் தவறியதை இறக்கும் வேளையில் எளிதாகச் செய்துவிட முடியாது என்பதே தம்மைச் சூழ நின்றோருக்கு அவர் இறுதியாகக் கூறிய அறிவுரை.

அவரை அடக்கம் செய்த தேவாலயம் பின்னாளில் அழிந்துபோயிற்று. மாலை சூட்டி வணங்க அவருக்குக் கண்டியில் ஒரு கல்லறை இல்லை. ஆயினும் 304 ஆண்டுகள் சென்றபின், 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி, தைப்பொங்கலுக்கு முந்திய நாளில், கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, மக்கள் வெள்ளம் அலைமோதிற்று. இலங்கைத் திருச்சபை பெற்ற முதலாவது புனிதர் அவரே.

இன்று நம் வீடு அமைதியாக இருக்கலாம். நாளை என்ன வரும் என்பதை அறிந்தவர் எவர்? துன்பமில்லாத இந்நாளிலேயே சிறிது ஜெபமும் சிறிது அடக்கமும் பழகி வருவோமாயின், துன்பம் வரும் நாளில் இறைவனைத் தேடி வெகுதூரம் ஓடவேண்டியிராது. அந்நாளில் நம்மைத் தேடி வரும் பிறருடைய துயரையும் துடைக்க நம் கைகள் ஆயத்தமாக இருக்கும்.