மண்ணைப் பிரசாதமாகத் தரும் ஊர்

பிற தலங்களில் திருநீறு தருவர், குங்குமம் தருவர். சங்கரன்கோவிலிலோ புற்றுமண்ணே பிரசாதம்! 2019-இல் உருவான தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூருக்கு வருவோரிற் பலர், கோமதியம்மனை வணங்கியதும் பேருந்து ஏறிவிடுகின்றனர். ஊரின் பெருமையும் உழவும் அம்மண்ணிலேயே அடங்கியிருப்பதை அவர்கள் அறிய வேண்டாமா?

தென்பாண்டி நாட்டு ஐம்பூதத் தலங்களுள் இது மண் தலம். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்னும் நாகர்கள் வாதிட்டனர் என்றும், அம்மையின் தவத்திற்கு இரங்கி இருவரும் ஓருருவாய்ச் சங்கரநாராயணராகக் காட்சி தந்தனர் என்றும் தலபுராணம் கூறும். அதன் நினைவே ஆடித்தபசுத் திருவிழா.

புற்றைக் கட்டுவது பாம்பன்று, கறையான். அது நிலத்தடிக் களிமண்ணை எச்சிலால் குழைத்து மேலே கொணர்கிறது. பின்னர் அங்கே குடிபுகும் பாம்பு, வயல் எலிகளைத் தின்று விளைச்சலைக் காக்கிறது. உழவர் நாகத்தை வணங்கியது பொருளற்ற செயலன்று!

ஊரைச் சூழ்ந்த கரிசல் நிலம் மழையில் உப்பும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையைத் தன்னுள் தேக்கிப் பருத்தியையும் உளுந்தையும் வளர்க்கும். இதற்குக் காரணமான களிமத்தின் பெயர் 'மாண்ட்மோரில்லோனைட்' என்று வகுப்பில் படித்தேன். பள்ளிப்படி ஏறாத என் தந்தையார், ஒரு பிடி மண்ணை உருட்டிப் பார்த்தே விதைக்கும் நாளைச் சொல்லிவிடுவார். பெயர்தான் எனக்குப் புதிது. குணம் அவருக்குப் பழையது.

கிழக்கே சென்றால் கழுகுமலை. அங்கே 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயில், ஒரே பாறையில் மேலிருந்து கீழாகக் குடையப்பட்டு, முற்றுப்பெறாமலே நிற்கிறது. மேற்கே சென்றால் புளியங்குடி எலுமிச்சைத் தோட்டங்கள். அவற்றுக்கும் அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலை. 2015-இல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்கு சரணாலயத்தில் யானையும் மிளாவும் மலையணிலும் வாழ்கின்றன. மலையேற விரும்புவோர் வனத்துறையின் அனுமதி பெற்றே செல்ல வேண்டும்.

காட்டுப்பன்றியும் யானையும் இறங்கினால் ஓராண்டு உழைப்பு ஓரிரவில் அழிகிறது. ஆயினும் மழைநீரைப் பிடித்து வைத்து, ஓடைக்கும் குளத்திற்கும் மெல்ல மெல்ல விடுவதும் அக்காடே. ஆகவே காட்டைக் காக்கும் செலவு மலையடி உழவர் தலையில் மட்டும் விழலாகாது; பயிரிழப்பிற்கு ஈடு காலத்தே கிடைக்க வேண்டும்.

நண்பர்களே! சங்கரன்கோவிலுக்கு வாருங்கள். கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபின், வரப்பில் இறங்கி ஒரு பிடி மண்ணையும் கையில் எடுத்துப் பாருங்கள்.