“பயமில்லாத நாள்” எது?

“இன்று பயமில்லாத நாள்” என்று சில தம்பதிகள் நினைக்கிறார்கள். காலண்டரைப் பார்த்து நாள் எண்ணுகிறார்கள். அடுத்த மாதம் மாதவிலக்கு வருவதில்லை! கைக்குழந்தை இன்னும் நடக்கவில்லை. அதற்குள் மறு கர்ப்பம்!

கணக்கு எங்கே தவறியது?

2 டாக்டர்கள்

ஜப்பானில் ஒகினோ, ஆஸ்திரியாவில் க்னாவுஸ் என்று 2 டாக்டர்கள் இருந்தார்கள். 1920-ம் ஆண்டுகளில் இருவரும் தனித்தனியே ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார்கள். கருமுட்டை, அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாட்களுக்கு முன் வெளிவருகிறது என்பதே அது.

முட்டை ஒரு நாள்தான் உயிரோடு இருக்கும். ஆணின் விந்தணு, பெண்ணின் உடலில் 5 நாள் வரை உயிரோடு இருக்கும். ஆகவே, முட்டை வெளிவரும் நாளும், அதற்கு முந்திய 5 நாட்களும் கரு தரிக்கும் நாட்கள்.

சிக்கல் எங்கே?

அடுத்த மாதவிலக்கு எந்தத் தேதியில் வரும் என்று முன்கூட்டியே யாரால் சொல்ல முடியும்? 28 நாளைக்கு ஒரு முறை விலக்காகும் பெண்ணுக்கு 14-ம் நாளை ஒட்டி முட்டை வெளிவரும். 35 நாள் என்றால் 21-ம் நாளை ஒட்டி வரும். நோய் வந்தாலும், மனக்கவலை இருந்தாலும் நாள் தள்ளிப் போகலாம்.

பிரசவத்துக்குப் பிறகு, மாதவிலக்கு திரும்பும் முன்பே முட்டை வெளிவருவது உண்டு. அப்போது எந்த நாளில் இருந்து எண்ணுவது?

மாதவிலக்கு 26 முதல் 32 நாட்களுக்குள் ஒழுங்காக வருகிறவர்களுக்கு டாக்டர்கள் ஒரு கணக்குச் சொல்கிறார்கள். 8-ம் நாள் முதல் 19-ம் நாள் வரை விலகி இருக்க வேண்டும். இதை நம்பி நடக்கும் 100 பெண்களில் ஓர் ஆண்டில் 12 பேர் வரை கர்ப்பம் ஆகிறார்கள்.

ஆணுறை

1968-ம் ஆண்டில் மத்திய அரசு “நிரோத்” ஆணுறையை விற்பனைக்குக் கொண்டு வந்தது. விலை, 3 உறை 15 காசு! இப்போது அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கொடுக்கிறார்கள்.

ஒவ்வொரு முறையும் சரியாகப் பயன்படுத்தினால், ஓர் ஆண்டில் 100-க்கு 2 பேர்தான் கர்ப்பம் ஆவார்கள். நடைமுறையில் 13 பேர் ஆகிறார்கள். ஏன்? “இன்று பயமில்லாத நாள்தானே” என்று உறையை விட்டுவிடுவது ஒரு முக்கிய காரணம்!

கவனிக்க வேண்டியவை

* உறை மீது உள்ள காலாவதி தேதியைப் பாருங்கள்.

* உறவு தொடங்கும் முன்பே அணிய வேண்டும். நுனியை அழுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

* தேங்காய் எண்ணெய் தடவக் கூடாது. எண்ணெய் பட்டால் ரப்பர் கிழியும்.

* முடிந்ததும், அடிப்பகுதியைப் பிடித்தபடி உடனே விலக வேண்டும்.

* ஒரு முறைக்கு ஓர் உறை. 2 உறைகளைச் சேர்த்து அணியக் கூடாது.

உறை கிழிந்து விட்டால் பயந்து பேசாமல் இருக்காதீர்கள். அவசர கருத்தடை மாத்திரை இருக்கிறது. 3 நாட்களுக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் சாப்பிட வேண்டும்.

ஆணுறை பால்வினை நோயையும், எய்ட்ஸ் கிருமியையும் தடுக்கும். நாள் கணக்கு அதைச் செய்யாது.

கணவர்களே! ஒரு பிரசவத்துக்கும் மறு கர்ப்பத்துக்கும் 2 ஆண்டு இடைவெளி வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள். நாள் எண்ணுகிற கவலையை மனைவியின் தலையில் மட்டும் சுமத்தாதீர்கள். எல்லா நாளும் உறை அணிவது உங்கள் பொறுப்பு!