சித்திரையில் நிழல், ஐப்பசியில் மழை

ஏப்ரல் 20ஐ ஒட்டிய நாட்களில், பகல் 12.10 மணி வாக்கில், சிதம்பரத்தில் சூரியன் உச்சந்தலைக்கு நேர்மேலே நிற்கும். வாசலில் செங்குத்தாக நட்ட குச்சிக்கு அப்போது நிழலே விழாது. ஆவணியில், ஆகஸ்ட் 23ஐ ஒட்டி, மறுபடியும் இது நடக்கும். கடகரேகைக்கு வடக்கே வாழும் டெல்லிப் பிள்ளைகளுக்கு இந்தக் காட்சி ஒருநாளும் வாய்க்காது. நம் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு இருமுறை இலவசமாக வாய்க்கிறது. காலையிலிருந்தே நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறித்துவரச் சொன்னால், அது குறுகிக் குறுகி மறைவதை இரண்டாம் வகுப்புப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும்.

ஐப்பசி பிறந்தால் வடகிழக்குப் பருவமழை. மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை அறுத்துத் தலைகீழாகச் செருகினால் புனல் தயார். அடியில் கூழாங்கல் போட்டு, அது மூழ்கத் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்திலிருந்து ஸ்கேலை ஒட்டினால் மழைமானி. வானிலைத் துறையைப் போலவே தினமும் காலை 8.30க்கு அளக்கலாம். 10 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 10 லிட்டர் தண்ணீர். 40 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 400 லிட்டர்! பெருக்கல் வாய்ப்பாடு எதற்கு என்று அதன்பின் எந்தப் பிள்ளையும் கேட்காது.

மழை ஓய்ந்ததும் சிதம்பரத்துக்குப் பக்கத்திலுள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போகலாம். சேற்றுக்குள் காற்று குறைவு. அதனால் வெண்கண்டல் மரம் தன் வேர்களைப் பென்சில்களைப் போல மேலே நீட்டி மூச்சுவிடுகிறது. சுரபுன்னையின் விதையோ தாய்மரத்தில் இருக்கும்போதே முளைவிடுகிறது. தில்லை மரத்தை மட்டும் தொடவிடக் கூடாது. அதன் பால் கண்ணைக் கெடுக்கும்.

எளிய பொருள்களில் அறிவியல் சொல்லித்தருவது தமிழகத்துக்குப் புதிதல்ல. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ சிறுவர் இதழ் 1987 முதல் வருகிறது. அரசுப் பள்ளிகளில் செய்துபார்த்துக் கற்க 2022இல் வானவில் மன்றம் தொடங்கப்பட்டது. ஆனால் அது 6 முதல் 8ஆம் வகுப்பு வரைதான். ‘ஏன்’ என்று ஓயாமல் கேட்கும் வயது அதற்கு முன்பே வந்துவிடுகிறது.

ஆகவே ஆசிரியர்களே, பெற்றோரே, மழைப் பாடத்தை மழைக்காலத்தில் நடத்துங்கள். விடையைச் சொல்ல அவசரப்படாதீர்கள். முதலில் பிள்ளைகள் பார்க்கட்டும், அளக்கட்டும், தங்கள் கையால் எழுதிவைக்கட்டும். பாடப்புத்தகத்தை அதன்பிறகு திறக்கலாம்.