நுரையைச் சுடுவது எப்படி?

தூத்துக்குடிக்கு வந்து திரும்புவோர் பலருடைய கையில் ஒரு மக்ரூன் பொட்டலம் இருக்கும். சிறு கூம்பு வடிவம், வெளிர் நிறம், வாயில் இட்டதும் நொறுங்கிக் கரைந்துவிடும். கேக்கிற்கு வேண்டிய மைதா இதில் இல்லை. வெண்ணெய் இல்லை. சோடா உப்பும் இல்லை. முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப் பருப்பு ஆகிய மூன்றே பொருள்கள். அப்படியானால் இது உப்புவது எதனால்? உப்பியபின் அமுங்காமல் நிற்பது எதனால்?

மக்ரூன் என்பது ஐரோப்பியப் பெயர். அங்கே இதைப் பாதாம் பருப்பில் செய்வார்கள். 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த போர்த்துக்கீசியர்தாம் பிரேசில் நாட்டு முந்திரியையும் இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள். பாதாமின் இடத்தை இங்கே முந்திரி பிடித்துக்கொண்டது. பருப்பு மாறினாலும் செய்முறையின் அடிப்படை மாறவில்லை. காற்றைப் பிடித்து, அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி, அந்தச் சுவரை உலர்த்துவதே மக்ரூன் செய்யும் கலை.

நுரை நிற்பது எப்படி?

தண்ணீரை எவ்வளவு அடித்தாலும் அதில் நுரை நிற்பதில்லை. பரப்பு இழுவிசை குமிழிகளை உடனே உடைத்துவிடுகிறது. வெள்ளைக்கருவிலும் 100க்கு 88 பங்கு தண்ணீர்தான். ஆனால் மீதியில் பெரும்பகுதி புரதம். புரத மூலக்கூறுகள் நூற்பந்துபோல் சுருண்டிருக்கும். அடிக்கும்போது அவை பிரிந்து, காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் போய்ப் படிகின்றன; ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வலைபோன்ற சவ்வாகின்றன. இந்தச் சவ்வு இருப்பதால்தான் வெள்ளைக்கரு 6 முதல் 8 மடங்குவரை பெருகி, கரண்டியால் தூக்கினால் முனை மடியாமல் நிற்கிறது.

ஆயினும் குமிழிகளுக்கு இடையே உள்ள நீர் கீழ்நோக்கி வடிந்துகொண்டே இருக்கும். அதைத் தடுப்பது சீனி. சீனி கரைந்த நீர் பாகுபோல் தடித்துவிடுவதால் வடிதல் மந்தமாகிறது. தொடக்கத்திலேயே சீனியைக் கொட்டினால் நுரை எழத் தாமதமாகும். ஆகவே பாதி நுரைத்தபின், பொடித்த சீனியைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். சில துளி எலுமிச்சைச் சாறும் நுரைக்கு உறுதி தரும். அளவுக்கு மீறி அடித்தால் புரத வலை இறுகி, நுரை திரிதிரியாகிவிடும். தண்ணீர் தனியே கசியும்.

எண்ணெய் என்னும் பகை

மஞ்சள்கருவில் ஒரு சொட்டுக்கூடக் கலக்கக் கூடாது என்று மக்ரூன் செய்வோர் கண்டிப்பாகச் சொல்வார்கள். மஞ்சள்கருவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. கொழுப்பு, குமிழியின் பரப்பில் புரதம் இருக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும்; ஆனால் அதனால் வலை பின்ன முடியாது. பிசுக்கு உள்ள பாத்திரமும் இதே கெடுதலைச் செய்யும். பிளாஸ்டிக்கில் பிசுக்கு எளிதில் போகாது. எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரமே நல்லது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். முந்திரிப் பருப்பிலும் 100க்கு ஏறத்தாழ 45 பங்கு கொழுப்பு உண்டே! உண்மைதான். அதனால்தான் பருப்பைக் கடைசியில் சேர்க்கிறோம். மிக்சியை நிறுத்தாமல் ஓட்டினால் பருப்பு சூடேறி எண்ணெய் கக்கும். விட்டுவிட்டு ஓட்டி, ரவைபோல் பொடிக்க வேண்டும். பொடியைத் தூவி, கரண்டியால் கீழிருந்து மேலாக மெதுவாகப் புரட்டி, தாமதமின்றிச் சுட வைத்துவிட வேண்டும்.

ஏன் மெதுவாகச் சுட வேண்டும்?

பழைய முறையில் விறகு அடுப்பின் தணிந்த சூட்டில் மக்ரூன் தட்டுகளை இரவு முழுவதும் விட்டுவைப்பார்கள். இதில் இரண்டு இயற்பியல் காரணங்கள் அடங்கியுள்ளன.

முதலாவது, காற்றின் விரிவு. 30 டிகிரி செல்சியசிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாகும் காற்று, கன அளவில் ஏறத்தாழ கால் பங்கு பெருகும். அதனுடன் நீராவியும் சேர்வதால் குமிழி மேலும் உப்பும். வெள்ளைக்கருவின் முக்கியப் புரதம் இறுகிக் கெட்டிப்படுவதற்கு ஏறத்தாழ 80 டிகிரி வேண்டும். சூடு சடுதியில் ஏறினால், வெளிப்புறம் இறுகியபின் உட்புறம் விரிந்து மக்ரூன் வெடித்துவிடும்.

இரண்டாவது, நுரை வெப்பத்தை எளிதில் கடத்தாது. நீரோடு ஒப்பிட்டால் காற்றின் வெப்பங்கடத்தும் திறன் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் மேற்புறம் சிவந்து கசக்கும்; நடுப்பகுதியோ பிசுபிசுவென்று இருக்கும்.

எடையே சாட்சி

வீட்டில் செய்து பார்க்க விரும்புவோர்க்கு ஓர் அளவு: மூன்று முட்டையின் வெள்ளைக்கரு (சுமார் 100 கிராம்), சீனி 150 கிராம், முந்திரி 150 கிராம். மொத்தம் 400 கிராம். காகிதக் கூம்பில் இட்டு, தாள் விரித்த தட்டில் சிறு கூம்புகளாகப் பிழிந்து, 110 டிகிரி அளவில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஓவனில் வைக்கலாம். பின்பு அடுப்பை அணைத்து, உள்ளேயே ஆறவிட வேண்டும். மாவைப் பச்சையாகச் சுவைக்க வேண்டாம். பச்சை முட்டையில் நோய்க்கிருமி இருக்கக்கூடும்.

வெந்துவிட்டதா என்பதை உடைத்துப் பார்க்காமலே அறியலாம். வெள்ளைக்கருவில் இருந்த நீர் சுமார் 88 கிராம். அதில் பெரும்பகுதி ஆவியாகியிருந்தால் 400 கிராம் கலவை 315 கிராம் அளவுக்கு இறங்கியிருக்கும். தட்டின் எடையைக் கழித்துவிட்டு, சுடுவதற்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள். 350 கிராமிலேயே நின்றால் உள்ளே ஈரம் மிச்சம் என்று பொருள்.

இந்த 88 கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். 680 கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. அளவு பெரிதன்று, ஆனால் அது நுரையின் வழியே ஊர்ந்து செல்ல வேண்டியிருப்பதால்தான் நேரம் பிடிக்கிறது.

மழைக்கால எதிரி

தூத்துக்குடி உப்பளங்களில் ஐப்பசி, கார்த்திகை மழை உற்பத்தியை நிறுத்திவிடும். மக்ரூனுக்கும் அதே காலம் ஆகாது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு கசியத் தொடங்கும். சீனிப் படிகங்கள் 85 விழுக்காடு வரை தாங்கும். ஆனால் மக்ரூனில் உள்ள சீனியின் ஒரு பகுதி படிகமாகாமல் கண்ணாடிபோல் உறைந்து நிற்கிறது. அதன் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்படாதவை. ஆகையால் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே அது நீரை இழுத்து இளகிவிடும். நன்றாக ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் அடைக்கச் சொல்வது இதற்காகத்தான். சூட்டோடு அடைத்தால் உள்ளிருக்கும் ஆவியே நீராக மாறி மொறுமொறுப்பைக் கெடுக்கும்.

ஏரல் போன்ற ஆற்றங்கரை ஊரில் மாணவர்கள் ஓர் எளிய சோதனை செய்யலாம். ஒரு மக்ரூனைத் திறந்த தட்டிலும் இன்னொன்றை மூடிய டப்பாவிலும் வைத்து, நகைக்கடைத் தராசு போன்ற நுட்பமான தராசில் நாள்தோறும் நிறுத்துக் குறித்து வாருங்கள். திறந்த தட்டில் உள்ளது எத்தனை மில்லிகிராம் ஏறுகிறது, எந்த நாளில் நொறுங்கும் தன்மையை இழக்கிறது என்று அட்டவணையிடுங்கள். சோதனை முடியும்வரை தின்னாமல் இருப்பதுதான் கடினம்.