குறையின்றிச் செய்யும் நாட்டம்

எடுத்த வேலையைக் குறையின்றி முடிக்கும் நாட்டத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு என்று அமெரிக்க உளவியலாளர் டான் ஹமாசெக் 1978-இல் விளக்கினார். ஒரு சாரார் தவறு நேருமோ என்ற அச்சத்திலேயே வாடுகிறார்கள். மற்றொரு சாரார் உயர்ந்த இலக்கை வைத்து உழைப்பதில் நிறைவு காண்கிறார்கள்.

இந்த இரண்டாவது முகத்தின் சிறப்பை அரியலூர் மாவட்டம் கங்கைகொண்ட சோழபுரத்தில் பார்க்கலாம். சோழ மன்னர் ராஜராஜன் 1010-இல் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் பின், அவர் மகன் முதலாம் ராஜேந்திரன் இங்கே சிவன் கோயில் எழுப்பினார். சுமார் 55 மீட்டர் உயரமுள்ள இதன் விமானம் தஞ்சை விமானத்தைவிடத் தாழ்ந்தது. ஆனால் தஞ்சையின் நேர்க்கோடுகளுக்கு மாறாக, இதன் பக்கங்கள் நளினமாக உள்வளைந்து மேலேறுகின்றன.

கோயிலின் வடபுறத்தில், சிவனடியார் சண்டேசரின் தலையில் சிவபெருமான் மலர்மாலை சுற்றும் சிற்பம் உள்ளது. கருங்கல்லில் தெறித்த சில்லை மீண்டும் ஒட்ட முடியாது. அதனால் ஒவ்வோர் உளி வீச்சுக்கும் முன்யோசனையும் பொறுமையும் தேவை.

2004-இல் இக்கோயில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. முன்னோர் செய்ததைக் கற்று, அதற்கு மேலும் மெருகேற்றுவதே இந்த நாட்டத்தின் நற்பயன்.