சகோதர நகரங்கள்: எங்கோ இருக்கும் இரண்டு சிற்றூர்கள் ஏன் கைகோக்கின்றன?

பிரான்சின் வட பகுதியில் வில்லேர் பிரெட்டனூ என்று ஒரு சிற்றூர். அங்குள்ள ஆரம்பப் பள்ளியின் முற்றத்தில் பெரிய எழுத்துகளில் ஒரு வாசகம்: ஆஸ்திரேலியாவை மறக்காதீர்கள்.

பிரெஞ்சுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஆஸ்திரேலியாவுக்கு என்ன வேலை?

அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதைதான் வில்லேர் பிரெட்டனூவை ஆஸ்திரேலியாவில் உள்ள ராபின்வேல் எனும் சிற்றூரோடு இணைத்தது. 1984இலிருந்து இரண்டும் 'சகோதர நகரங்கள்'.

சகோதர நகரம் என்றால் என்ன?

வெவ்வேறு நாடுகளில் உள்ள இரண்டு ஊர்கள் "இனி நாம சொந்தம்" என்று எழுத்துபூர்வமாக ஒப்புக்கொள்வது. அரசாங்கங்கள் செய்துகொள்ளும் உடன்படிக்கை அல்ல இது. பெரும்பாலும் மேயர்களும் நகராண்மைக் கழகங்களும்தான் கையெழுத்திடுவார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் இந்தப் பழக்கம் வேகமாகப் பரவியது. நேற்றுவரை எதிரிகளாக இருந்த ஊர்மக்கள் ஒருவரையொருவர் நேரில் பார்த்துப் பழகட்டும் என்பது நோக்கம்.

இந்த இரண்டு ஊர்களையும் இணைத்தது எது?

1918 ஏப்ரல் 24. முதலாம் உலகப் போர். வில்லேர் பிரெட்டனூ ஜெர்மானியப் படையிடம் விழுந்தது. அன்றிரவே ஆஸ்திரேலியப் படையினர் எதிர்த்தாக்குதல் நடத்தினர். மறுநாள் ஊர் மீட்கப்பட்டது. அதற்காக உயிரைக் கொடுத்த ஆஸ்திரேலியர்கள் சுமார் 1,200 பேர்.

ஊரோடு பள்ளியும் தரைமட்டமானது. அதைத் திரும்பக் கட்ட, விக்டோரியா மாநிலப் பள்ளிப் பிள்ளைகள் சில்லறைக் காசாகச் சேர்த்துப் பணம் அனுப்பினார்கள். 1927இல் பள்ளி திறக்கப்பட்டது. அதற்கு விக்டோரியா பள்ளி என்றே பெயர்.

ராபின்வேல் அதே விக்டோரியா மாநிலத்தில், மர்ரி ஆற்றங்கரையில் இருக்கிறது. அதை உருவாக்கிய ஹெர்பர்ட் கட்டல் என்பவரின் மகன் ராபின், போர் விமானி. 1918இல் பிரான்ஸ் வான்வெளியில் நடந்த சண்டையில் மாண்டார். மகன் நினைவாகத் தந்தை ஊருக்கு வைத்த பெயர்தான் 'ராபின்வேல்'. இது நம்ம 'வேல்' இல்லை. லத்தீன் மொழியில் அந்தச் சொல்லுக்கு 'போய் வா' என்று பொருள். "போய் வா, ராபின்!"

ஒரு ஊர் அந்நிய மண்ணின் பிள்ளைகளால் மீட்கப்பட்டது. மற்றோர் ஊரின் பெயரிலேயே திரும்பி வராத ஒரு பிள்ளை இருக்கிறான். இருவருக்கும் பொதுவான சொத்து, அந்த இழப்பு.

வெறும் பேப்பர் உறவுதானே?

சட்டப்படி பார்த்தால் கிட்டத்தட்ட அப்படித்தான். உதவவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் 2009 பிப்ரவரியில் விக்டோரியாவில் மோசமான காட்டுத் தீ மூண்டது. 173 பேர் மாண்டனர். ஸ்ட்ராத்தெவன் எனும் ஊரின் ஆரம்பப் பள்ளி எரிந்துபோனது. அதை மீண்டும் கட்ட நிதி திரட்டியவர்களில் வில்லேர் பிரெட்டனூ மக்களும் உண்டு. 80 ஆண்டுக்குமுன் வாங்கிய கடனை யாரும் கேட்கவில்லை. அவர்களாகவே திருப்பிக் கொடுத்தார்கள்.

நம் வட்டாரத்தில்?

சபாவின் சண்டாக்கானுக்கும் சிட்னியில் உள்ள பர்வுட் வட்டாரத்துக்கும் இதே போன்ற உறவு உண்டு. அதன் பின்னணியிலும் போர்தான்.

1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது பிடிபட்ட ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் வீரர்களில் பலரை ஜப்பானியர்கள் சண்டாக்கான் முகாமுக்குக் கொண்டுசென்றனர். 1945இல் அவர்களில் பலரைச் சுமார் 260 கிலோமீட்டர் தூரம் காட்டு வழியே ரானாவுக்கு நடக்க வைத்தனர். முகாமில் எஞ்சியிருந்த சுமார் 2,400 கைதிகளில் உயிர் பிழைத்தவர்கள் 6 பேர் மட்டுமே. அறுவரும் ஆஸ்திரேலியர்கள். தப்பியோடியதால் பிழைத்தவர்கள்.

பர்வுட் பூங்காவில் இன்று சண்டாக்கான் நினைவிடம் நிற்கிறது.

எல்லா உறவும் நிலைக்கிறதா?

இல்லை. இங்கிலாந்தின் பிஷப்ஸ் ஸ்டார்ட்ஃபர்ட் நகரம் ஒரு பிரெஞ்சு நகரத்தோடும் ஒரு ஜெர்மானிய நகரத்தோடும் பல பத்தாண்டுகளாக வைத்திருந்த உறவை 2011இல் முறித்துக்கொண்டது. "மேயரும் அதிகாரிகளும் ஊர் சுற்றுவதற்கு நம்ம பணமா?" என்ற கேள்வியும் பல இடங்களில் எழுவதுண்டு.

உறவு நிலைக்கப் பொதுவாகத் தேவைப்படுபவை:

• இரு ஊர் மக்களுக்கும் தெரிந்த ஒரு கதை. அதிகாரிகளுக்கு மட்டும் தெரிந்தால் போதாது.

• ஆண்டுதோறும் நினைவுகூர ஒரு நாள். வில்லேர் பிரெட்டனூவுக்கு அது ஏப்ரல் 25.

• பிள்ளைகளின் பங்கு. கடிதம், பள்ளிப் பரிமாற்றம், விருந்தினர் வீட்டில் தங்குவது.

மூன்றாவதுதான் இப்போது முக்கியம். முதலாம் உலகப் போரில் சண்டையிட்டவர்கள் யாரும் இன்று இல்லை. சண்டாக்கானில் உயிர்பிழைத்த அறுவரில் கடைசியானவர் 2003இல் காலமானார். நேரில் பார்த்துச் சொல்ல ஆளில்லாத கதையை இனி யார் சொல்வது?

வில்லேர் பிரெட்டனூவில் அந்த வேலையைப் பள்ளிக்கூடம் செய்கிறது. முற்றத்துக்கு விளையாட வரும் ஒவ்வொரு பிள்ளையும் அந்த வாசகத்தைப் பார்த்துக்கொண்டேதான் வளர்கிறது.