வெந்நீர் நின்ற காலை

நமக்கு மார்கழி பிறக்கும் நாட்களில்தான் வங்காளத்தாருக்குப் பௌஷ மாதம் பிறக்கிறது. பெயர்தான் வேறு, பனி ஒன்றே. ஆனால் தஞ்சைச் சீமையின் மார்கழிக் குளிரை மட்டும் அறிந்தவர்களுக்கு ஹௌரா மாவட்டத்துக் குளிர் சற்றுக் கடுமையாகவே இருக்கும். கொல்கத்தாப் பக்கத்தில் ஜனவரி இரவுகளில் வெப்பம் 14 டிகிரி வரை இறங்குவது வழக்கம். சில நாட்களில் அதற்கும் கீழே போகும். இரவெல்லாம் மொட்டை மாடித் தொட்டியில் கிடந்து குளிர்ந்த நீர் விடியற்காலையில் தலையில் விழுந்தால் எப்படி இருக்கும் என்பதை நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

சாந்த்ராகாச்சி என்றதும் வங்காளிகளுக்கு நினைவு வருவது நாக்கை அரிக்காத சேனைக்கிழங்கு. பறவைகளை விரும்புவோருக்கு நினைவு வருவது ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள பெரிய ஏரியும், குளிர்காலத்தில் அங்கே வந்து இறங்கும் வாத்தினங்களும். நம்மவருக்கோ அது ரயில் ஊர். பழைய வங்காள நாகபுரி ரயில்வேயின் காலத்திலிருந்து, 1955-இல் தென்கிழக்கு ரயில்வே தோன்றிய பின்னரும், உத்தியோகத்தின் பொருட்டுத் தென்னாட்டிலிருந்து வந்தோர் இத்தடத்தில் எங்கும் குடியேறினர். அந்த ஏரிப் பறவைகளைப் போலவே பிழைப்பை நாடி வந்தவர்கள் நாம். பறவைகள் பங்குனிக்குள் திரும்பிவிடுகின்றன, நாம் தங்கிவிட்டோம். நம்மை நம்பி, முதிய வயதில் தாய் தந்தையரும் வந்து சேருகின்றனர்.

என் தாயார் அவ்வாறு வந்தவர். வயது எழுபத்தாறு. எந்த ஊரில் இருந்தாலும் விடியுமுன் நீராடி விளக்கேற்றாமல் அவர் பச்சைத் தண்ணீரும் பருகுவதில்லை. சென்ற மார்கழியில் ஒரு வாரமாக அவருக்கு இருமல். கஷாயம் வைத்துக் கொடுத்த என் மனைவி, நான்காம் நாள் தற்செயலாகக் குளியலறைக் குழாயைத் திறந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. ஷவரில் வெந்நீர் வரவில்லை. பகலில் குளிக்கும் எங்களுக்கு அது தெரியவில்லை. தாயாரோ நான்கு நாட்களாகத் தண்ணீரிலேயே நீராடி வந்திருக்கிறார்.

“சொல்லக் கூடாதா, அம்மா?” என்றேன்.

“இதை ஒரு பெரிய விஷயமாகச் சொல்ல வேண்டுமாடா? நீ ஆபீசுக்கு ஓடுகிற அவசரம். ரிப்பேர்க்காரனிடம் எனக்குப் பேசவும் தெரியாது. காவேரியில் குளித்தவள்தானே நான்” என்றார்.

அன்று எனக்கு உண்டான வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

மிஸ்திரி ஒருவரை அழைத்து வந்தேன். அவர் கீஸரின் மூடியைக் கழற்றி, உள்ளே ஒரு சிறு பொத்தானை அழுத்தினார். வெந்நீர் வந்தது. மறுநாள் மீண்டும் நின்றது. இரண்டாம் முறை வந்தவர், “டைரெக்ட் கொரே தெபோ” என்றார். குறுக்கே இருக்கும் கருவியை விலக்கிவிட்டுக் கம்பியை நேராக இணைத்துவிடுகிறேன் என்பது பொருள். செலவு குறைவு, வேலை ஐந்து நிமிஷம். தாயாரின் இருமல் காதில் விழுந்து கொண்டிருந்தது. நான் தலையை அசைக்கும் தறுவாயில் இருந்தேன். எதை விலக்கப் போகிறார் என்று ஒரு கேள்வி கேட்கத் தோன்றியது. அதுவே எங்களைக் காத்தது.

கீஸரின் உட்புறம்

கீஸர் என்ற சொல் பீறிட்டெழும் வெந்நீர் ஊற்றைக் குறிக்கும் ஐஸ்லாந்துச் சொல்லிலிருந்து வந்தது. நம் வங்காளத்திலும் வீர்பூம் மாவட்டத்து வக்ரேஸ்வரத்தில் வெந்நீர் ஊற்றுக்களைக் காணலாம். 1868-இல் லண்டனில் மாகன் என்பவர் குளியலுக்கு நீரைக் காய்ச்சும் எரிவாயு யந்திரத்தை அமைத்து அதற்கு இப்பெயரைச் சூட்டினார். நம் பாட்டிமார் கரி போட்டுக் காய்ச்சிய செப்புப் பாய்லரின் வேலையைத்தான் இன்று மின்சாரம் செய்கிறது.

தொட்டியின் உள்ளே ஒரு சூடேற்றும் கம்பி இருக்கிறது. குறித்த வெப்பம் வந்ததும் மின்சாரத்தை நிறுத்தி, ஆறியதும் மீண்டும் செலுத்துவது தெர்மோஸ்டாட். அது பழுதுபட்டு நிறுத்தத் தவறினால், நீர் கொதிநிலையை நெருங்குமுன் மின்சாரத்தை அறவே துண்டிப்பது கட்-அவுட். இதனோடு, அழுத்தம் மிகுந்தால் நீரை வெளியேற்றும் வால்வு ஒன்றும் உண்டு. மிஸ்திரி அழுத்திய பொத்தான் கட்-அவுட்டினுடையது. அது ஒரு முறை விழுந்தால் தற்செயலாக இருக்கலாம். மறுநாளே மீண்டும் விழுந்தால் தெர்மோஸ்டாட் தன் கடமையைச் செய்யவில்லை என்று பொருள். எங்கள் வீட்டில் நேர்ந்தது அதுவே. அந்நிலையில் கட்-அவுட்டையும் விலக்கியிருந்தால், நீர் கொதித்துக் கொண்டே இருக்க, தடுப்பதற்கு வால்வைத் தவிர வேறொன்றும் மிஞ்சியிராது. அந்த வால்விலும் சுண்ணாம்பு படிந்து அடைத்திருந்தால், மூடிய தொட்டி வெடிக்கவும் கூடும். திருடன் வருகிறான் என்று கூவிய காவல்காரனை, தூக்கம் கெடுகிறதென்று வேலையை விட்டு நீக்குவது போன்றது அது.

வேறொரு மிஸ்திரி வந்து புதிய தெர்மோஸ்டாட் பொருத்தினார். அரை மணி நேர வேலை. தாயார் மறுநாள் விடியலில் வெந்நீரில் நீராடினார்.

நாமே பார்க்கக் கூடியவை

வெந்நீர் நின்றால் எல்லா வீட்டிலும் காரணம் ஒன்றாக இராது. மிஸ்திரியை அழைக்குமுன் வரிசையாகச் சிலவற்றைப் பார்த்துக் கொள்வது நலம்.

முதலாவது, வாளிக் குழாயில் வெந்நீர் வருகிறதா? அங்கே வந்து ஷவரில் மட்டும் வரவில்லையானால் கீஸர் மீது குற்றமில்லை. தண்ணீரும் வெந்நீரும் கலக்கும் மிக்ஸர் குழாயின் உள்ளுறுப்புத் தேய்ந்திருக்கலாம். கைஷவரின் நுனியை மட்டும் மூடிவிட்டு மிக்ஸரைத் திறந்தே வைப்பது பலருடைய வழக்கம். அவ்வாறு செய்தால் அழுத்தம் மிகுந்த தண்ணீர் வெந்நீர்க் குழாய்க்குள் புகுந்துவிடும்.

இரண்டாவது, வெந்நீர்ப் பக்கம் மட்டும் நூல் போல ஒழுகுகிறதா? கீஸருக்குச் செல்லும் வால்வு பாதி மூடியிருக்கலாம். தொட்டி ஒரு முறை காலியாகி நிரம்பிய பின் குழாயில் காற்று அடைத்துக் கொள்வதும் உண்டு. மேல்மாடி வீடுகளில் இது அதிகம். தொட்டி காலியான நாளில் கீஸரைப் போடவே கூடாது. வெந்நீர்க் குழாயில் நீர் தடையின்றி வருவதைக் கண்ட பின்னரே சுவிச்சைத் தட்ட வேண்டும். நீரின்றிக் காய்ந்தால் கம்பி எரிந்துபோகும்.

மூன்றாவது, விளக்கு எரிகிறதா? எரிந்தும் நீர் காயவில்லையானால் கம்பி அறுந்திருத்தல் கூடும். எரியவில்லையானால் மின்சாரம் வரவில்லை, அல்லது கட்-அவுட் விழுந்திருக்கிறது. போட்டவுடன் மெயின் சுவிச்சு விழுமானால், மின்சாரம் எங்கோ கசிகிறது. மீண்டும் மீண்டும் அதைத் தூக்கிவிடுவது பெருந்தவறு. அங்கே நம் கை நிற்க வேண்டும். மூடியைக் கழற்றுவது மின்சாரம் அறிந்தவர் வேலை.

நான்காவது, உண்மையில் பழுதுதானா என்று பாருங்கள். 2000 வாட் கீஸர் 15 லிட்டர் நீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர இருபது நிமிஷத்துக்குச் சற்று மேலாகும். 25 லிட்டருக்கு முப்பத்தைந்து நிமிஷம். 15 லிட்டர் வெந்நீரோடு அதே அளவு தண்ணீர் கலந்தால் பதமான நீர் 30 லிட்டர் கிடைக்கும். நிமிஷத்துக்கு 8 லிட்டர் கொட்டும் ஷவருக்கு அது நான்கு நிமிஷத்துக்கும் போதாது. மூவர் அடுத்தடுத்துக் குளித்துவிட்டு, நான்காமவர் கீஸர் கெட்டது என்று கூறுவதில் நியாயமில்லை. ஒரு வாளியில் பிடித்துக் குளித்தால் அதே நீர் இருவருக்குத் தாராளமாகப் போதும்.

ஆழ்குழாய் நீரைப் பயன்படுத்தும் வீடுகளில் இன்னொரு தொல்லை உண்டு. நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து சூட்டில் பிரிந்து கம்பியின் மேல் ஓடுபோலப் படிகிறது. இதனால் நீர் காயத் தாமதமாகும். கம்பியின் ஆயுளும் குறையும். தொட்டி துருப்பிடிக்காமல் தன்னைத் தேய்த்துக் கொள்ளும் மக்னீசியத் தண்டு ஒன்றும் உள்ளே இருக்கிறது. ஆண்டுக்கொரு முறை, ஐப்பசியிலேயே, இவ்விரண்டையும் பார்த்துச் சுத்தம் செய்துவிட்டால் மார்கழியில் அலைய வேண்டியதில்லை. ஷவர் முகத்தின் துளைகள் அடைத்திருந்தால், கழற்றி இரவு முழுதும் வினிகரில் ஊறவைத்தால் போதும்.

உயிரோடு விளையாடலாகாது

2000 வாட் கீஸர் ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். ஆதலின் 16 ஆம்பியர் பிளக்கும் சரியான எர்த் இணைப்பும் இன்றியமையாதன. கசிவு கண்டவுடன் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்புச் சுவிச்சு இல்லாத வாடகை வீடாயின், வீட்டுக்காரரிடம் கேட்டுப் பெறுவது நம் உரிமை. கீஸர் கெட்ட நாளில் வாளியில் இம்மர்ஷன் ராடைப் போட்டு, காய்ந்துவிட்டதா என்று விரலை வைத்துப் பார்த்து உயிரிழந்தோர் உண்டு. சுவிச்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பின்னரே நீரைத் தொட வேண்டும். காஸ் கீஸரைச் சாளரமில்லாத குளியலறைக்குள் மாட்டுவது அதனினும் கொடிது. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்ஸைடு அங்கே நிறைந்து, குளிப்பவர் கூவவும் இயலாமல் சாய்ந்துவிடுவார்.

மொழி தெரியாமை ஒரு தடையாக இருக்க வேண்டாம். “கொரோம் ஜொல் ஆஸ்சே நா” என்றால் வெந்நீர் வரவில்லை என்று பொருள். “டைரெக்ட் கொர்பேன் நா” என்றால் நேராக இணைக்காதீர்கள் என்று பொருள். இவ்விரண்டையும் ஒரு காகிதத்தில் தமிழில் எழுதிக் குளியலறைக் கதவருகே ஒட்டியிருக்கிறேன். தாயார் இரண்டையும் மனப்பாடம் செய்துவிட்டார். அண்டை வீட்டு வங்காளி அம்மாளிடம் சொல்லிக் காட்டிச் சிரிக்கவும் செய்கிறார்.

கீஸர் சரியாகிவிட்டது. ஆயினும் விடியற்காலையில் விழிப்பு வந்தால், நான் எழுந்து சென்று குழாயின் கீழ்க் கையை நீட்டிப் பார்க்கிறேன். நம் வீட்டுப் பெரியோர் பலர் தம் அசௌகரியத்தை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். பிள்ளைகளுக்குச் சிரமம் என்று எண்ணி மௌனமாக இருந்துவிடுவார்கள். இன்று காலை அவர்கள் நீராடிய நீர் சுட்டதா, குளிர்ந்ததா என்று நாம்தான் போய்க் கேட்க வேண்டும்.